மழைக்காலத்துப் பந்தாட்டம்

ஆனி பிறந்துவிட்டால் நம் மாட்டுங்கா வீடுகளில் துணி உலர்வதே பெரும்பாடு. கூடத்திலும் சமையலறையிலும் கொடி கட்டி, மின்விசிறியின் அடியில் விரித்துப் போட்டாலும், வேட்டி மூன்றாம் நாளும் ஈரம் சொட்டாத குறையாகவே இருக்கும். இத்தகைய நாட்களில், ஞாயிறு காலை வெள்ளைச் சட்டையும் வெள்ளைக் காற்சட்டையும் அணிந்து, பெரும் பை ஒன்றைத் தோளில் சுமந்து, குடை பிடித்துப் புறப்படும் பிள்ளையைக் கண்டால், ஊரிலிருந்து வந்த உறவினர் திகைப்பது இயல்பே. “மழையில் யாராவது கிரிக்கெட் ஆடுவார்களா?” என்று அண்மையில் ஒரு பெரியவர் நம்மை வினவினார். அவர் சேப்பாக்கத்தில் பொங்கல் விடுமுறையில், தை மாதத்து இளவெயிலில், வெள்ளையர் அணியும் இந்தியர் அணியும் மோதியதைப் பற்றித் தம் தந்தையார் சொல்லக் கேட்டு வளர்ந்தவர். அவருக்கு மழை என்றால் ஆட்டம் இல்லை என்றே பொருள்.

இந்நகரில் அப்படியன்று. இங்கு மழைக்காலத்துக்கென்றே ஒரு லீக் 1948ஆம் ஆண்டில் தோன்றியது. அதற்கு டாக்டர் எச். டி. காங்காவின் பெயர் சூட்டப்பட்டது. அவர் பார்சி வகுப்பினர், மருத்துவர், 1911இல் இங்கிலாந்து சென்ற இந்திய அணியில் இடம் பெற்றவர், 1945இல் காலமானார். மழையில் ஆட வேண்டும் என்னும் யோசனை விஜய் மெர்ச்சன்டினுடையது என்பர். அது பொருத்தமாகவே தோன்றுகிறது. 1946ஆம் ஆண்டு இங்கிலாந்தில் கோடை முழுதும் மழையாயிருந்தது. அவ்வாண்டு அங்குச் சென்ற இந்திய அணியில் மெர்ச்சன்ட் 2385 ஓட்டங்கள் எடுத்தார். நனைந்த மண்ணில் பந்து என்ன செய்யும் என்பதை அவரைக் காட்டிலும் அறிந்தவர் அன்று நம் நாட்டில் எவர் இருந்தார்?

காலமும் அதற்கு இடங்கொடுத்தது. அதுவரை பம்பாயின் பெரும் பந்தயம் மதவாரியாக நடந்து வந்தது. 1907இல் மூன்று அணிகள், 1912இல் நான்கு, 1937இல் ஐந்து என வளர்ந்த அப்போட்டியை 1940இல் காந்தியடிகள் வெளிப்படையாக வெறுத்துரைத்தார். 1946இல் அது கைவிடப்பட்டது. இரண்டாண்டு கழித்து வந்த காங்கா லீக்கில் மோதியவை சங்கங்கள். பார்சி ஜிம்கானாவும் இஸ்லாம் ஜிம்கானாவும் இந்து ஜிம்கானாவும் இதிலும் உண்டு எனினும், அவற்றோடு பேட்டைச் சங்கங்களும் சமமாக நின்றன.

ஆட்டத்தின் அமைப்பைச் சற்று விரிவாகவே கூறுவோம். ‘ஏ’ முதல் ‘ஜி’ வரை ஏழு பிரிவுகள். பிரிவுக்குப் பதினான்கு அணிகள். மேல் பிரிவில் தோற்றவர் கீழே இறங்குவர். கீழ்ப் பிரிவில் வென்றவர் மேலே ஏறுவர். ஒரே நாளில் ஆட்டம் முடிந்துவிடும். ஆடுகளத்துக்கு மூடாக்கு இல்லை. சனிக்கிழமை இரவு பெய்த மழை முழுதும் ஞாயிறு காலை அந்த மண்ணில் இருக்கும். ஒரு பந்து எழும்பி மார்பில் மோதும். மறுபந்து தரையோடு தவழும். மைதானத்துப் புல்லோ கணுக்காலுக்கு மேல் வளர்ந்து நிற்கும். தரையோடு அடித்த பந்து பத்து அடியில் புல்லுள் ஒடுங்கிவிடும்; சில வேளை நான்கு பேர் குனிந்து தேடியும் கிட்டாது. ஓட்டம் வேண்டுமாயின் பந்தைத் தூக்கி அடிக்க வேண்டும். தூக்கி அடித்தாலோ பிடிபடும் அச்சம் உண்டு. இருபது ஓட்டம் எடுத்தவன் அன்று வீட்டுக்குத் தலை நிமிர்ந்து போகலாம்.

ஆசாத் மைதானத்தின் வேடிக்கை வேறு. அங்கே இருபத்திரண்டு ஆடுகளங்கள் அருகருகே கிடக்கின்றன. ஓர் ஆட்டத்தின் தடுப்பாளர் மற்றோர் ஆட்டத்தின் நடுவர்க்குப் பக்கத்தில் நிற்பார். எந்தப் பந்து எந்த ஆட்டத்தது என்று புதிதாய்க் காண்பவர்க்கு விளங்காது. ஆடுவோர்க்கு மட்டும் எப்படியோ விளங்கிவிடுகிறது!

இவ்வளவு இடர்ப்பட்டுப் பயின்றதனால் பயன் உண்டாயிற்றா? உடனே உண்டாயிற்று என்று கூற இயலாது. 1952 ஜூன் மாதம் லீட்ஸ் நகரில், இரண்டாம் ஆட்டத்தில் ஓர் ஓட்டமும் எடுக்கு முன்னரே இந்தியா நான்கு விக்கெட்டுகளை இழந்தது. அந்நால்வருள் ஒருவர் தாதர் யூனியன் சங்கத்தின் மாதவ் மந்திரி. மற்றொருவர் விஜய் மஞ்ச்ரேக்கர். அதே பந்தயத்தின் முதல் ஆட்டத்தில் அவர் 133 ஓட்டங்கள் எடுத்திருந்தார் என்பதையும் உடன் சொல்லுதல் நியாயம். பத்தொன்பது ஆண்டுகள் கழித்து, 1971இல், மான்செஸ்டரின் ஈரக் களத்தில் சுனில் கவாஸ்கர் எடுத்த 57 ஓட்டங்களைப் பலர் சதத்துக்கு மேலாக மதிக்கின்றனர். அவரும் தாதர் யூனியன் பிள்ளையே. அவ்வாண்டுதான் அஜித் வாடேகரின் தலைமையில் இந்தியா முதன்முறையாக இங்கிலாந்து மண்ணில் தொடரை வென்றது.

நமக்கு நெருக்கமான சான்று ஒன்று உண்டு; சற்று மனவருத்தமான சான்றும் அதுவே. 1972-73ஆம் ஆண்டு ரஞ்சிக் கோப்பையின் இறுதிப் பந்தயம் சேப்பாக்கத்தில் பம்பாய்க்கும் தமிழ்நாட்டுக்கும் நடந்தது. பந்து தாறுமாறாய்த் திரும்பிய களம் அது. வெங்கட்ராகவனும் வி. வி. குமாரும் பந்து வீசிய தமிழ்நாட்டுக்கே அது வாய்ப்பாகும் என்று எவரும் எண்ணியிருப்பர். பம்பாய் 151 ஓட்டங்களில் ஒடுங்கியது. தமிழ்நாடு 80க்குள் சுருண்டது. பத்மாகர் சிவால்கர் 16 ஓட்டங்கள் கொடுத்து 8 விக்கெட்டுகளை வீழ்த்தினார். பம்பாய் மீண்டும் 113, தமிழ்நாடு 61. மூன்றாம் நாள் முதற் பந்திலேயே ஆட்டம் முடிந்தது. பம்பாய்க்கு அது தொடர்ந்து பதினைந்தாம் கோப்பை.

சிவால்கர் சிவாஜி பார்க் ஜிம்கானாவுக்காகக் காங்கா லீக்கில் பல பருவங்கள் பந்து வீசியவர். கெட்ட களத்தில் ஒரே இடத்தில் பந்தைப் போட்டுக்கொண்டே இருந்தால் மற்றதை மண் பார்த்துக்கொள்ளும் என்பது அவருக்கு ஞாயிறுதோறும் கிடைத்த பாடம். இந்தியாவுக்காக ஒரு டெஸ்ட் பந்தயமும் ஆடாமலே 2025 மார்ச்சில் அவர் மறைந்தார். அப்பந்தயத்தின்போது நம் வீடுகளில் தந்தை தமிழ்நாட்டின் பக்கமும், இங்கேயே பிறந்த மகன் பம்பாயின் பக்கமும் நின்று, இரண்டு நாள் பேச்சுவார்த்தை குறைந்திருந்த கதைகள் இன்றும் நம் பெரியோர் நாவில் உள்ளன.

மகன் பக்கம் நின்றதற்குக் காரணம் தொலைவில் இல்லை. தாதர் யூனியனின் இடமான தாட்கர் மைதானம் நம் மாட்டுங்காவிலேதான், ரூயா, போதார் கல்லூரிகளின் அக்கம்பக்கத்தில் உள்ளது. பூக்கடையில் சரம் வாங்கித் திரும்பும் வழியில் கம்பி வேலியருகே நின்றால் டெஸ்ட் ஆட்டக்காரரைக் காசின்றிக் காணலாம். கவாஸ்கரும் திலீப் வெங்சர்க்காரும் இந்தியாவுக்கு ஆடிக்கொண்டிருந்த நாட்களிலும் அச்சங்கத்துக்கு ஆடினர். சச்சின் டெண்டுல்கரும் பதினொரு வயதில், 1984இல், ஜான் பிரைட் சங்கத்துக்காக இந்த லீக்கிலேதான் அடியெடுத்து வைத்தார்.

“இதெல்லாம் சரி, ஆட்டம் சோறு போடுமா?” என்று கேட்பது தாய்மார் கடமை. ஒரு காலத்தில் போட்டது. வாடேகர் ஸ்டேட் வங்கியில் பணிபுரிந்தார். கவாஸ்கரை நிர்லான் ஏற்றது. இந்து ஜிம்கானா மாலியின் மகனான ஏக்நாத் சோல்கரை மபத்லால் ஏற்றது. டெஸ்ட் வரை போகாதவனுக்கும் ஏதேனும் ஓர் அலுவலகத்தில் எழுத்தர் நாற்காலி கிடைக்கும். மாலையில் பயிற்சிக்கு விடுவார்கள். ஆலைகள் மூடின, அலுவலகங்கள் ஆட்டக்காரரை எடுப்பதும் பெரிதும் குறைந்துவிட்டது. இன்று பணம் மிகுந்த இருபது ஓவர் ஆட்டம் ஒருசிலரைச் செல்வராக்குகிறது. எஞ்சியோர் ஞாயிற்றுக்கிழமை தம் கைக்காசைப் போட்டுத்தான் ஆடுகின்றனர். நம் பிள்ளைகளிடம் இதை மறைப்பதில் பயனில்லை.

மழையால் ஆட்டங்கள் பல நின்றுபோகின்றன. ஆதலின் மழை ஓய்ந்த பின் ஆடினால் என்ன என்பாரும் உளர். அப்படி ஆடுவதற்கு இந்நகரில் வேறு போட்டிகள் நிறைய இருக்கின்றன. நான்கு ஞாயிற்றில் இரண்டு வீணானாலும், எஞ்சிய இரண்டு ஞாயிற்றின் ஈர மண்ணுக்காகவே இந்த லீக் பிறந்தது என்பது நம் கருத்து.

நம்மை வினவிய பெரியவரை மறு ஞாயிறு மைதானத்துக்கு அழைத்துச் சென்றோம். தூறல் விட்டிருந்தது. மாலி கட்டைவிரலால் ஆடுகளத்தை ஓரிரு இடங்களில் அழுத்திப் பார்த்து, மரத்தூள் கூடையை எடுத்து வரப் போனான். நடுவர் இருவரும் வானத்தைப் பார்த்தபடி தேநீர் அருந்தினர். பகல் பன்னிரண்டுக்குத் தொடங்கிய ஆட்டத்தில் பெரியவர் மூன்று மணி வரை குடையின் கீழ் நின்றார். வீடு திரும்புகையில் அவர் கேட்டது ஒன்றே: “அடுத்த ஞாயிறும் உண்டா?”