சயனைடு மேட்டுத் தூசிக்கு யார் பொறுப்பு?

தங்கவயல் சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28-ல் மூடப்பட்டன. 13 சயனைடு மேடுகளில் சுமார் 3.3 கோடி டன் கழிவு மண் மிஞ்சியது. காற்றடி காலத்தில் அந்தத் தூசி சாம்பியன் ரீஃப், மாரிக்குப்பம் லைன்களில் சோற்றுத் தட்டு வரை வருகிறது. சுரங்கத்தில் நம் தகப்பன்மார் நெஞ்சை அரித்த சிலிகாதான் இதிலும்.

ஜனங்கள் புகார் சொல்வது ராபர்ட்சன்பேட்டை நகரசபையிடம். மேடுகளோ மத்திய சர்க்காரின் பாரத் தங்கச் சுரங்க நிறுவனத்துடையவை. நகரசபை தெருவைக் கூட்டலாம். மேட்டில் செடி நட அனுமதி கேட்க வேண்டும்!

மேட்டு மண்ணில் தங்கம் எடுக்கும் மத்திய திட்டத்துக்கு 2024 ஜூனில் கர்நாடக மந்திரிசபை இசைவளித்தது. வேலை வரும் என்பதே ஊர்ப் பேச்சு, வரட்டும். ஆனால் தோண்டினால் தூசி கூடாதா? தண்ணீர் தெளிப்பது, லாரிகளுக்குத் தார்ப்பாய் போடுவது ஒப்பந்தத்திலேயே இருக்க வேண்டும். மீறினால் நிறுத்தச் சொல்லும் உரிமை நகரசபைக்கு வேண்டும். இதை மண் அள்ளும் முன்பே தீர்மானம் போட்டு டில்லிக்கு அனுப்ப வேண்டும். பிறகு அனுப்பினால் பைலில்தான் தூங்கும்.