கேழ்வரகு படம் போட்ட மைதா

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை பழைய மாணவர் ஒருவர் குடும்பத்தோடு வீட்டுக்கு வந்திருந்தார். "சார், உங்களுக்கு சுகர்னு சொன்னாங்க. அதான் சாதா பிஸ்கட் வாங்காம கேழ்வரகு பிஸ்கட் வாங்கிட்டு வந்தேன்" என்று பாசமாகக் கொடுத்தார். அவர் போன பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படித்தேன். முதலில் சுத்திகரித்த கோதுமை மாவு. மைதாவுக்குத்தான் இந்த மரியாதையான பெயர். அடுத்தது சர்க்கரை. மூன்றாவது பாமாயில். அதற்குப் பிறகுதான் கேழ்வரகு, அதுவும் நூற்றுக்கு 12 பங்கு. முன்பக்கத்திலோ கேழ்வரகுக் கதிரை முழுசாக வரைந்து வைத்திருக்கிறார்கள்.

எது எடையில் அதிகமோ அதை முதலில் எழுத வேண்டும் என்பது விதி. ஆகவே முதல் மூன்று பெயரைப் படித்தாலே பாக்கெட்டுக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்துவிடும். நாம் படிப்பதில்லை. படத்தைப் பார்த்து வாங்குகிறோம்.

அந்த மாணவர் மேல் எனக்குத் துளியும் வருத்தமில்லை. நம் பாட்டிகளின் தானியத்தைப் படம் போட்டு, மைதாவையும் சர்க்கரையையும் நமக்கே விற்கிறார்களே, அதில்தான் கோபம். பாலில் கலக்கும் பவுடர்களும் இதே கதைதான். 'ஹெல்த் டிரிங்க்' என்று ஒரு வகையே உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் இல்லை. 2024 ஏப்ரலில் மத்திய வர்த்தக அமைச்சகமே, ஆன்லைன் கடைகள் இந்தப் பானங்களை அந்தத் தலைப்பின் கீழ் விற்கக் கூடாது என்று சொல்ல வேண்டி வந்தது. அதுவரை எத்தனை தாய்மார்கள் அதை மருந்து மாதிரி கலக்கிக் கொடுத்திருப்பார்கள்!

"அளவோடு சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது சார்" என்பீர்கள். 2019-இல் அமெரிக்க அரசின் ஆராய்ச்சி நிலையத்தில் கெவின் ஹால் என்பவர் 20 பேரைத் தங்கவைத்து ஒரு சோதனை செய்தார. இரண்டு வாரம் ஆலையில் தயாரான உணவு, இரண்டு வாரம் சாதாரணமாகச் சமைத்த உணவு. பரிமாறியதில் சர்க்கரை, உப்பு, கொழுப்பு, நார்ச்சத்து எல்லாம் சமம். வேண்டிய அளவு சாப்பிடலாம். ஆலை உணவு கொடுத்த நாட்களில் அவர்கள் தினமும் சுமார் 500 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டார்கள். இரண்டே வாரத்தில் கிட்டத்தட்ட ஒரு கிலோ ஏறியது. சமைத்த உணவில் அதே அளவு இறங்கியது. மென்மையாக, வேகமாக உள்ளே போகும் உணவில் வயிறு நிறைந்தது தெரிவதற்குள் தட்டு காலியாகிவிடும். பிள்ளைக்கு வாய்க்கட்டுப்பாடு இல்லை என்று திட்டுகிறோமே, குற்றம் பிள்ளையிடமா, பாக்கெட்டிலா?

இதைச் சொன்னவுடன் நம் குடும்பக் குழுவில் "பாட்டி காலத்தில் நோயே கிடையாது" என்று செய்தி வரும். தயவுசெய்து அனுப்பாதீர்கள். சுதந்திரம் வந்தபோது இந்தியரின் சராசரி ஆயுள் 32 வயதுதான். தடுப்பூசியும் மருந்தும்தான் நம்மைக் காப்பாற்றின. பழைய சோறு சர்க்கரை நோயைக் குணமாக்காது. யாரும் மாத்திரையை நிறுத்தாதீர்கள். மூன்று வேளையும் வெள்ளைச் சோற்றை மலையாகக் குவித்து, அப்பளமும் ஊறுகாயும் வைத்தால் அதுவும் வீட்டுச் சாப்பாடுதான், ஆனால் நல்ல சாப்பாடு இல்லை. சோற்றைக் குறைத்து, பருப்பையும் கீரையையும் காயையும் கூட்டச் சொல்கிறேன். அவ்வளவுதான்.

அடுத்து, "இந்தக் காலத்துப் பெண்கள் எங்கே சமைக்கிறார்கள்" என்று பின்னூட்டம் போடக் காத்திருக்கும் மாமாக்களுக்கு ஒரு வார்த்தை. என் மனைவியும் ஆசிரியைதான். இருவரும் ஒரே பேருந்தில்தான் வேலைக்குப் போனோம். அவர் நாலரை மணிக்கு எழுந்தார். நான் ஆறரைக்கு எழுந்து காப்பி கேட்டேன். முப்பது வருடம் வீட்டுச் சாப்பாட்டின் பெருமையைப் பேசினேன், ஒரு நாளும் கரண்டி பிடித்ததில்லை. ஓய்வுக்குப் பிறகுதான் கற்றுக்கொண்டேன். ஒருவர் தலையில் மட்டும் கட்டிய சமையல், அவர் களைத்த அன்று நின்றுபோகும். அந்த இடத்தில்தான் பாக்கெட் வீட்டுக்குள் நுழைகிறது. வீட்டில் சாப்பிடும் எல்லோரும் சமைக்கக் கற்க வேண்டும். ஆண்பிள்ளைகளும்தான்.

நேரமில்லை என்பவர்களுக்கு: 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டத்தில் அரசுப் பள்ளிப் பிள்ளைகள் உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று சாம்பாரோடு சுடச்சுடச் சாப்பிடுகிறார்கள். லட்சக்கணக்கில் கட்டணம் கட்டும் நம் வீட்டுப் பிள்ளைகள் பாக்கெட்டைப் பிரித்துக்கொண்டு வேனில் ஏறுகிறார்கள். அந்த உப்புமாவைக் கிண்ட இருபது நிமிடம் போதும்.

சரி, வீட்டுப்பாடம். ஒன்று: இன்றைக்கே அலமாரியில் உள்ள பாக்கெட்டுகளில் முதல் மூன்று பெயரைப் பிள்ளைகளை விட்டுச் சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள். இரண்டு: வாரம் நான்கு நாள் மாலையில் பிஸ்கட்டுக்குப் பதில் சுண்டல், அவித்த வேர்க்கடலை, ஒரு கொய்யா. மூன்று: அந்தக் கடலையை முந்தின இரவே ஊறப் போடுவது வீட்டு ஆண்களின் வேலை. செய்தவர்கள் கீழே எழுதுங்கள். செய்யாதவர்களும் எழுதுங்கள். இப்போதெல்லாம் சார் பிரம்பு வைத்திருப்பதில்லை.

பிஸ்கட் கொண்டுவந்த தம்பி, இதைப் படித்துவிட்டு மனம் வருந்தாதே. அடுத்த முறை வெறுங்கையோடு வா. சுண்டல் நான் செய்து வைக்கிறேன்.