ஆணழகனும் இளவட்டக்கல்லும்

பெரம்பலூரிலும் அரியலூரிலும் உடற்பயிற்சிக்கூடம் என்றால் அதன் சுவரில் ஆணழகன் படம் ஒன்று இருக்கும். எண்ணெய் மினுங்கும் தோல், புடைத்த நரம்பு, வரிவரியாய்ப் பிரிந்த வயிற்றுத்தசை. மூன்று மாதத்தில் இப்படி ஆகிவிட வேண்டும் என்று நம் மாணவர்கள் விரும்புகிறார்கள். அவ்விருப்பத்தை நாம் ஏளனம் செய்யவில்லை. உடம்பைப் பேணுவது உயிரைப் பேணுவதே என்று கண்ட திருமூலரைப் பாடமாக நடத்துகிறவர்கள் நாம். ஆயினும் அந்தப் படம் எதைக் காட்டுகிறது என்பதை அவர்களுக்கு யாரேனும் சொல்லியாக வேண்டும்.

தமிழில் இப்போட்டிக்கு வழங்கும் பெயரே பாதி உண்மையைச் சொல்லிவிடுகிறது. 'ஆணழகன்' என்கிறோம், 'ஆண்வலியன்' என்று சொல்வதில்லை. வலிமையைச் சோதிக்க நம் ஊர்களில் இளவட்டக்கல் இருந்தது. கல்லைத் தூக்கித் தோளுக்குமேல் எறிந்தவன் வலியன். அவன் வயிற்றில் எத்தனை வரி என்று எவரும் எண்ணவில்லை. ஆணழகன் மேடையில் எவரும் எதையும் தூக்குவதில்லை. தசையின் பருமனும் சமச்சீரும் தெளிவுமே அங்கு மதிப்பெண் பெறுகின்றன.

அந்தத் தெளிவு எப்படி வருகிறது? மாதக்கணக்கில் நன்றாக உண்டு, பளு தூக்கித் தசையை வளர்க்கிறார்கள். போட்டி நெருங்க நெருங்க உணவைக் குறைத்துத் தோலடிக் கொழுப்பைக் கரைக்கிறார்கள். கடைசி நாட்களில் உப்பையும் தண்ணீரையும்கூடக் கட்டுப்படுத்துவோர் உண்டு. ஆக, மேடையில் சிரித்துக்கொண்டு நிற்பவர் பசியும் தாகமும் சோர்வுமாய் நிற்கிறார். சில நாட்களில் அந்தத் தோற்றம் அவரிடமே தங்குவதில்லை. சுவரில் உள்ள படம் அந்த ஒரு நாளின் படம்.

அந்த ஒரு நாளுக்காக உயிரைக் கொடுத்தவர்களும் உண்டு. 1992இல் நெதர்லாந்துப் போட்டி முடிந்த சில மணி நேரத்திலேயே முகமது பெனசிசா என்ற புகழ்பெற்ற வீரர் இறந்தார். உடலின் நீரை வெளியேற்றும் மருந்துகளே காரணமாகக் கூறப்பட்டன.

மற்றொரு வாழ்க்கையையும் பாருங்கள். வங்கத்தின் மனோகர் ஐச் 4 அடி 11 அங்குல உயரமே உள்ளவர். 1942இல் ஆங்கிலேயரின் விமானப்படையில் சேர்ந்தார். வெள்ளை அதிகாரி ஒருவரை அறைந்து சிறை சென்றார். கருவிகள் ஏதுமில்லாத அச்சிறையிலேயே நாள்தோறும் பல மணி நேரம் பயிற்சி செய்தார். 1951இல் லண்டனில் நடந்த உலக ஆணழகன் போட்டியில் இரண்டாம் இடமே கிடைத்தது. ஊர் திரும்பாமல் அங்கேயே இரயில்வே வேலையில் அமர்ந்து பயிற்சியைத் தொடர்ந்து, 1952இல் தம் பிரிவில் பட்டம் வென்றார். அவர் பெரிதும் போற்றிய உணவு எது தெரியுமா? நம் வீடுகளில் காலையில் குடிக்கும் நீராகாரமும் பழைய சோறுந்தான். முதுமையிலும் உடற்பயிற்சியை விடாத அவர் 2016இல், 104ஆம் வயதில் மறைந்தார்.

இக்கலையின் உழைப்பை நாடும் மதிக்கிறது. தமிழ்நாட்டைச் சேர்ந்த ஆணழகர் பாஸ்கரனுக்கு 2019ஆம் ஆண்டின் அர்ஜுனா விருது வழங்கப்பட்டது. அத்தகைய பெருமைக்குப் பின்னால் பல்லாண்டுப் பயிற்சி இருக்கிறது. நம் இளைஞர்களோ அந்த ஆண்டுகளை விட்டுவிட்டுக் கடைசி வாரங்களை மட்டும் பின்பற்றத் துடிக்கிறார்கள். பகலெல்லாம் வெயிலில் உழைக்கும் இளைஞன் தண்ணீரைக் குறைத்தால் என்னாகும்? மருத்துவர் எழுதித்தராத ஊசியைப் போட்டுக்கொண்டால் இதயமும் ஈரலும் சிறுநீரகமும் எத்தனை நாள் தாங்கும்?

பயிற்சியாளர்களுக்கு நம் வேண்டுகோள் ஒன்றுண்டு. ஆணழகன் படம் சுவரில் இருக்கட்டும். அது ஒரு நாளின் தோற்றம் என்பதைப் புதிதாய்ச் சேரும் பையனிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். ஆசிரியர்களாகிய நமக்கும் இதில் பங்குண்டு. உடற்கல்வி வகுப்பைப் பறித்துத் தேர்வுப்பாடம் நடத்தும் வழக்கத்தை நாம் விட்டுவிட்டால், பிள்ளைகள் தம் உடம்பைச் சிறுவயதிலேயே அறிந்துகொள்வார்கள். அப்படி அறிந்தவன் மூன்று மாதத்தில் அதை மாற்றித்தருவதாகச் சொல்பவரை எளிதில் நம்பமாட்டான்.