மிச்சமான நிமிடங்கள்

தைராய்டு அறுவையில் மீயொலிக் கத்தியையும் நூல் முடிச்சையும் ஒப்பிடும் ஆய்வுகள் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக வந்துகொண்டிருக்கின்றன. அவற்றைத் தொகுத்துப் பார்த்தவர்கள் ஏறத்தாழ ஒரே முடிவுக்குத்தான் வருகிறார்கள். முழுத் தைராய்டு நீக்கத்தில் சுமார் 20 முதல் 30 நிமிடம் மிச்சமாகிறது. ரத்த இழப்பு சற்றுக் குறைகிறது. தற்காலிகக் கால்சியக் குறைவு சில தொகுப்புகளில் குறைந்திருக்கிறது. குரல் நரம்பு நிரந்தரமாகச் செயலிழப்பதில் குறிப்பிடத்தக்க வேறுபாடு எதுவும் இல்லை.

ஆக, கருவி தருவது நேரம். அதற்குப் பாதுகாப்பு என்று பெயர் சூட்டுவது விற்பனைப் பிரதிநிதியின் வேலை. நாம் அதை ஏற்று நடக்க வேண்டியதில்லை. தைராய்டு பணிக்காக 1909-இல் நோபல் பரிசு பெற்ற தியோடர் கோக்கர், இறப்பை ஒரு விழுக்காட்டுக்கும் கீழே கொண்டுவந்தது ஃபோர்செப்ஸையும் நூலையும் வைத்துத்தான்.

சுரப்பியின் மேல்முனையில் இந்தக் கருவிக்கு இணையில்லை. தைராய்டு மேல்தமனியின் கிளைகளைச் சுரப்பியை ஒட்டியே ஒவ்வொன்றாகப் பிடித்து வெட்டிவிடலாம். ஆழத்தில் விரல் நுழையாத இடத்தில் முடிச்சு நழுவும் என்ற பதற்றம் இல்லை. பெர்ரி லிகமென்ட்டில் கதை வேறு. குரல் நரம்பு ஓரிரு மில்லிமீட்டர் அடியில் கிடக்கும். சின்னதாக ரத்தம் கசியும். கை தானாகக் கத்தியைத் தேடும். நொடிக்கு சுமார் 55,500 முறை அதிரும் அந்த அலகு டயதெர்மியைவிடக் குறைந்த சூட்டில் வேலை செய்கிறது என்று படித்திருப்போம். தொடர்ந்து அழுத்திப் பிடித்தால் அதே அலகு 200 டிகிரியைத் தாண்டுகிறது. பெடலை விட்ட பிறகும் உடனே ஆறுவதில்லை. நரம்பிலிருந்து குறைந்தது 3 மில்லிமீட்டர் தள்ளியே இயக்க வேண்டும், அடுத்த இடத்தைத் தொடுமுன் ஈரத் துணியில் அலகை ஆற்ற வேண்டும். அந்த இடைவெளி கிடைக்காத இடத்தில் நூல்தான். இதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை.

ஆய்வுகள் அதிகம் பேசாத ஒன்று உண்டு. ஒருமுறை மட்டுமே பயன்படுத்த வேண்டிய கைப்பிடியை நம் ஊர் தியேட்டர்கள் பலவற்றில் ஈ.டி.ஓ. வாயுவில் கிருமிநீக்கி மறுபடி எடுக்கிறோம். செலவைப் பார்த்தால் வேறு வழியும் இல்லை. ஆனால் தாடையிலுள்ள டெஃப்லான் பட்டை தேயத் தேய, அடைப்பு வலுவிழக்கும். புதுக் கருவியில் கிடைத்த புள்ளிவிவரம் தேய்ந்த கருவிக்குச் செல்லாது. அறுவைக்கு நடுவே கருவியின் ஜெனரேட்டர் எச்சரிக்கை ஒலி எழுப்பி நின்றால், முடிச்சே போட்டுப் பழகாத பி.ஜி. மாணவர் என்ன செய்வார்? தொடக்கத்தில் பல தைராய்டுகளை அவர் நூலிலேயே செய்யட்டும். நேரம் ஆகத்தான் செய்யும்.

இந்த இதழுக்குக் கட்டுரை அனுப்புவோர் இனி நான்கு விவரங்களைத் தவறாமல் குறிப்பிட வேண்டுகிறோம்: கைப்பிடி புதிதா அல்லது எத்தனையாவது முறை பயன்படுத்தியது, அறுவை செய்தவரின் அனுபவம், சுரப்பியின் எடை, அறுவைக்கு முன்னும் பின்னும் எல்லா நோயாளிகளுக்கும் குரல்வளை நோக்கப்பட்டதா. ‘குரல் நன்றாக இருந்தது’ என்ற வரி மட்டும் இருந்தால் கட்டுரை திருப்பி அனுப்பப்படும்.