முடியை அளப்போர்

தலைக்குள் இருப்பதை அளக்க வகையறியாதோர், தலைமேல் இருப்பதை அளக்க முற்படுகின்றனர். அளவுகோல் கையிலிருப்பதாலேயே அவர்கள் தம்மை அறிவாளரென்றும் எண்ணிக்கொள்கின்றனர்.

1970களில் சிங்கப்பூர் அரசு அலுவலகங்களில், நீண்ட முடியுடைய ஆடவர் கடைசியிலேயே கவனிக்கப்படுவர் என்று சுவரொட்டிகள் அறிவித்தன. நெற்றியில் விழுந்து புருவத்தைத் தொடுதல், செவியை மறைத்தல், சட்டைக் கழுத்துப்பட்டைக்குக் கீழ் இறங்குதல் என நீளத்துக்கு இலக்கணமும் வகுக்கப்பட்டது. 1972இல் ‘லெட் செப்பிலின்’ என்னும் ஆங்கிலேய இசைக்குழு முடியின் பொருட்டே அந்நகரில் மேடையேற இயலாது போயிற்று. 1992இல் மலேசிய அரசுத் தொலைக்காட்சி நீள்முடி ராக் பாடகர்க்கு இடம் மறுத்தது. ‘சர்ச்’, ‘விங்ஸ்’ குழுவினர் கத்தரிக்கோலுக்குத் தலை குனிந்தனர். 2011 டிசம்பரில் இந்தோனேசியாவின் பண்டா அச்சே நகரில், இசை நிகழ்ச்சியொன்றில் பிடிபட்ட ‘பங்க்’ இளைஞர் அறுபதின்மருக்கு மேற்பட்டோர் முடி வெட்டப்பட்டுக் குளத்தில் முழுக்காட்டப்பட்டனர்.

நீள்முடியோர் போதைக்கும் சோம்பலுக்கும் அடிமைகள் என்பார் உளர். போதைப்பொருள் வைத்திருப்பவனைப் பிடியுங்கள், யாம் தடுத்தோமில்லை. அதனை அறியாதவன் தலைமுடியைப் பிடிப்பது எந்நீதி?

தமிழர்க்கு இவ்வழக்குப் புதிதன்று. குடுமியைக் களைந்து கிராப்பு வைத்த இளைஞரைக் குலங்கெடுக்க வந்தவரென்று ஏசிய காலமும் இருந்தது. அன்று முடியைக் குறைத்தது குற்றம். பின்னர் வளர்த்தது குற்றம். ஆகவே குற்றம் முடியில் இல்லை. தன் தலை தனக்கே உரியதென்று இளைஞன் துணிந்ததே குற்றமாயிற்று.

இதுகாறும் எம் கூட்டத்தார் கைதட்டியிருப்பர். இனி உரைப்பது அவர்க்குக் கசக்கும்.

யாமும் ராக் இசைக் கூட்டத்தைச் சேர்ந்தவர்களே. அங்கே எவரும் எம் சாதியைக் கேட்டிலர். லயத்து வீட்டுப் பிள்ளையும் பட்டணத்து மாடிவீட்டுப் பிள்ளையும் ஒரே கிட்டாரின் ஒலிக்குத் தலையசைத்தனர். பெரியோர் பலர் மேடைதோறும் பேசிய சமத்துவத்தை ஆங்கே கண்ணாரக் கண்டோம். ஆயினும், கருஞ்சட்டை அணியாதவனை, முடி வளர்க்காதவனை, வேறிசையும் விரும்புபவனை ‘நீ எம்மவன் அல்லை’ என்று விலக்கியதும் அதே கூட்டமன்றோ? வெயில் கொளுத்தும் நாட்டில் தோற்சட்டைக்குள் வேகாதவன் வீரனல்லன் என்றதும், பெண்ணொருத்தி வந்தால் குழுக்களின் பெயர்களை ஒப்பிக்கச் சொல்லிப் பரீட்சை வைத்ததும் அக்கூட்டமே. ஆடவர்க்கு அப்பரீட்சை இருந்ததில்லை.

ஆகவே அக்கூட்டத்தவர் எனப்படுவதில் எமக்குப் பெருமையும் உண்டு, மனத்தாங்கலும் உண்டு. விலகிவிடுக என்போர் சொல்லை ஏற்கோம். வாய்மூடி இரு என்போர் சொல்லையும் ஏற்கோம்.

இளைஞர்காள்! அதிகாரியின் அளவுகோலை வெறுக்கின்றீர்; நன்று. அதே கோலை உம் தோழன்மீது நீட்டாதீர். முடியை வளர்ப்பினும் மழிப்பினும் அஃது அவனவன் விருப்பம். இவ்வுரிமையைத் தம் கூட்டத்துக்குள்ளேயே மறுப்பவர், வெளியே அதனைக் கேட்பதற்கு வாயற்றவராவர்.