முதன்முதலாக எதைப் பார்ப்பது?

அனிமேஷன் படங்கள் சிறுவர்களுக்கானவை என ஒதுங்கியிருந்த பெரியவர்கள், விடுமுறையில் பேரப்பிள்ளைகளுடன் அமர நேர்ந்தால், 1937-இல் வந்த டிஸ்னியின் ‘ஸ்நோ வைட்’டிலிருந்து வரிசையாகத் தொடங்க வேண்டியதில்லை என்பேன். ஜப்பானிய இயக்குநர் ஹயாவோ மியாசாகியின் ‘மை நெய்பர் டோட்டோரோ’வே (1988) போதும்.

வில்லன் இல்லை, சண்டை இல்லை. தாய் மருத்துவமனையில் இருக்க, தந்தையுடன் சிற்றூருக்குக் குடிவரும் இரு சிறுமியர். ஒரு மழை இரவில் குடையுடன் பேருந்துக்காகக் காத்திருக்கையில், அருகே ஒரு பேருருவம் வந்து நிற்கிறது. குடைமீது துளிகள் விழும் ஓசையில் மகிழ்கிறது. அவ்வளவே, ஆயினும் கண்ணெடுக்க இயலாது. மியாசாகியின் தாயாரும் காசநோயால் பல்லாண்டுகள் படுக்கையில் இருந்தவர். தாயின் வருகை தள்ளிப்போக, மூத்தவள் உடைந்து அழுமிடத்தில் முதலில் கண்துடைப்பவர்கள் தாத்தா பாட்டியராகவே இருப்பர்.

இதனுடன் ஒரே நாளில் வெளியான ‘கிரேவ் ஆஃப் தி ஃபயர்ஃபிளைஸ்’ மகத்தான படைப்பு. எனினும் போர்க்காலப் பசியில் மடியும் குழந்தைகளின் கதை. அதைச் சிறுவர்கள் உறங்கிய பின்னர் பார்க்கலாம்.