இதயத்தில் படியும் இரும்பு

தலசீமியா நோயுள்ள பிள்ளைக்குக் குருதி ஏற்றிவிட்டால் கடமை முடிந்தது என்ற எண்ணம் எம்மவர் மத்தியில் இன்னும் நிலவுகின்றது. ஏற்றப்படும் ஒவ்வொரு பை குருதியுடனும் 200 மில்லிகிராமுக்குக் குறையாத இரும்பு உடலினுள் செல்கின்றது. அதனை வெளியேற்ற உடலுக்கு வழியில்லை. முருங்கையிலையை நிறுத்துவதால் இக்கணக்குத் தீராது. ஈரலிலும் சுரப்பிகளிலும் படியும் அவ்விரும்பு இதயத் தசையையும் பழுதாக்குகின்றது. இந்நோயாளர் பலர் இளவயதில் மாண்டது இதனாலேயே.

2001 இல் இலண்டன் வைத்தியர்கள் இதயத்தின் இரும்பை எம்.ஆர்.ஐ மூலம் கணிக்கும் முறையை வெளியிட்டனர். அவ்வளவீடு 20 மில்லிசெக்கனுக்குக் குறைந்தால் இரும்பு படிந்துள்ளது. 10 இற்கும் குறைந்தால் ஆபத்து நெருங்கிவிட்டது. குருதியில் பெரிற்றின் அளவு திருப்தியாக இருக்கும்போதே இதயம் கெட்டுக்கொண்டிருக்கலாம். ஆகவே இப்பரிசோதனை எப்போது எனக் கேட்பது பெற்றோரின் உரிமை. மொழி தெரியாவிடின் மொழிபெயர்ப்பாளரைக் கோருவோம். பத்து வயது நோயாளியையே மொழிபெயர்க்க வைத்து, தன் உயிராபத்தைத் தானே தாய்க்குச் சொல்லவைக்கும் எமது வழக்கம் கொடுமையானது.

இரவிரவாகத் தோலின் கீழ் சிறு பம்பியால் செலுத்தப்படும் டெஸ்பெரொக்சமினைப் பதின்ம வயதினர் வெறுப்பது இயல்பே. ஆனால் விருந்தினர் தங்கும் இரவுகளில், கலியாணப் பேச்சுக் குழம்பிவிடும் என்றஞ்சி, அப்பம்பியை அலுமாரியில் ஒளிக்கும் பெற்றோரை நாம் எவ்வாறு விளங்கிக்கொள்வது? டெபெரிப்ரோன் குளிசை இதயத்து இரும்பை அகற்றுவதில் வல்லது. எனினும் வெண்குருதிக் கலங்களைச் சடுதியாகக் குறைக்கக்கூடும். காய்ச்சல் கண்டால் குளிசையை நிறுத்தி உடனே வைத்தியசாலை செல்லவேண்டும். தளர்ந்துவிட்ட இதயங்கூட, மருந்து இடைவிடாது தொடர்ந்தால், பலருக்கு மீண்டும் வலுப்பெறுகின்றது. அதற்கு மாதங்கள் அல்ல, ஆண்டுகளும் செல்லலாம்.